வயற்காவலிற் பற்றரி மின்னைச் சிக்கனமாய்ப் பயன்படுத்தல்

பெரும்போக நெல் கதிர் முற்றி நிற்குங் காலமும், வடகீழ்ப் பருவக்காற்றின் மழைமூட்டம் வானை மறைக்குங் காலமும் எமது கரையிலே அடுத்தடுத்து வருவனவாகும். மார்கழி, தை மாதங்களில் யானை வயலை நாடி வருகின்றது. அதே மாதங்களில் சூரியன் நாட்கணக்காய் முகங்காட்டுவதில்லை. பொத்துவில், லகுகலைப் பக்கங்களிலும், அறுவடை நெருங்கும்போது சம்மாந்துறை, நிந்தவூர் வட்டைகளிலும் காவற்பரணில் இராக்கழிக்குங் கமக்காரர் இதனை நன்கறிவர். சோலார் தகட்டினால் ஏற்றப்படும் 12 உவோற்றுப் பற்றரி ஒன்றே வேலிக்கும், விளக்குக்கும், கைத்தொலைபேசிக்கும் உயிர். மழை தொடர்ந்து மூன்றாம் நாள் அப்பற்றரி இறங்கிவிடின், ஒரு போகத்து உழைப்பு ஓரிரவிற் போய்விடலாம்.

அறுகம்பேயின் விடுதி விளக்குகள் கண்ணுக்குத் தெரியுந் தூரத்திலேயே மின்கம்பி எட்டாத வயல்கள் பல உள்ளன. இவ்வயல்களுக்குரிய கமக்காரர், பற்றரி போதவில்லையெனின் பெரிய பற்றரியும் பெரிய தகடும் வாங்கவேண்டுமென்றே எண்ணுகின்றனர். விற்பவரும் அதனையே சொல்வர். அவர் தொழில் அது. ஆனால் பரணிலுள்ள மின்னிணைப்பை ஒருமுறை அளந்து பார்த்தால், பற்றரியிலிருந்து வெளியேறும் மின்னிற் பெரும்பகுதி காவலுக்குப் பயன்படாமற் கழிகின்றதென்பது புலனாகும். அவ்விரயத்தை எங்கே தேடுவது, எவ்வாறு குறைப்பது என்பதை இத்துண்டுப்பிரசுரம் விளக்குகின்றது.

முதலிற் கணக்கெடுங்கள்

குளத்து நீரை ஏக்கரடியில் அளப்பதுபோலப் பற்றரியின் மின்னை அம்பியர் மணித்தியாலத்தில் அளப்பர். ஒரு கருவி எத்தனை அம்பியர் இழுக்கின்றதோ அதனை, அது எரியும் மணித்தியாலங்களாற் பெருக்கினால் அதன் செலவு கிடைக்கும். கால் அம்பியர் இழுக்கும் விளக்கு 8 மணித்தியாலம் எரியின் 2 அம்பியர் மணித்தியாலஞ் செலவாகும். இக்கணக்கிலே இரண்டு எண்கள் உள்ளன. கமக்காரர் முதல் எண்ணையே பார்க்கின்றனர். ஆயினும் இரண்டாவது எண்ணே, அதாவது நேரமே, பலவிடத்தும் பற்றரியை வெறுமையாக்குகின்றது. சிறிதாக இழுத்துக்கொண்டு இரவுபகலாய் நிற்கும் பொருள், வரம்பிலுள்ள நண்டுத்துளை போன்றது.

அளப்பதற்குப் பல்மானி ஒன்று போதும். நகரக் கடைகளில் மல்ற்றிமீற்றர் என்று கேட்டால் மலிவாகக் கிடைக்கும். சிவப்புக் கம்பியை 10 அம்பியர் துளையிற் செருகி, பற்றரியின் நேர்முனையிலிருந்து கருவிக்குச் செல்லுங் கம்பியைக் கழற்றி, அவ்விடைவெளியிலே பல்மானியை இணைத்தல் வேண்டும். மின் அதனூடாகவே கருவிக்குச் செல்லவேண்டும். அம்பியர் அளக்கும் நிலையில் வைத்துக்கொண்டு பல்மானியைப் பற்றரியின் இரு முனைகளுக்குங் குறுக்கே ஒருபோதும் வைத்தலாகாது. வைத்தால் பல்மானி எரியும், கையுஞ் சுடும். அளந்து முடிந்தவுடன் சிவப்புக் கம்பியை உவோற்றுத் துளைக்கு மாற்றிவிடுங்கள். அடுத்தமுறை அவசரத்தில் எடுப்பவர் நீங்களாகவே இருக்கலாம்.

முதலில் எல்லாச் சுவிச்சுகளையும் அணைத்துவிட்டு அளவுங்கள். அப்போதும் பல்மானி ஓர் எண்ணைக் காட்டுமாயின், அதுவே உங்கள் நண்டுத்துளை.

பரண் ஒன்றின் கணக்கை எடுத்துக்காட்டாகத் தருகின்றோம். மாலை மஃரிப் வேளை முதல் அதிகாலைச் சுபஹு வேளை வரை காவல் ஏறக்குறைய 11 மணித்தியாலம். வேலிப்பெட்டி 0.2 அம்பியர் இழுப்பதாகக் கொள்வோம். 11 மணித்தியாலத்துக்கு 2.2 ஆகும். பன்னிரண்டு எல்.ஈ.டி. மணிகள் கொண்ட கைச்செய்கை விளக்கு 0.24 அம்பியர்; விடியும்வரை எரியின் 2.6. கைத்தொலைபேசிக்கு மின்னேற்றுவதற்காக வைத்த இன்வேற்றர் எதனையும் இயக்காது சும்மா நிற்கும்போதே 0.4 அம்பியர் இழுப்பின், 11 மணித்தியாலத்துக்கு 4.4. அதனூடாகத் தொலைபேசி பெறும் மின்னுக்கு மேலும் 2.2. பெட்டிகளின் முகப்பில் எரியும் மூன்று சிவப்புக் குறிவிளக்குகள் இரவும் பகலுமாக 0.7. எல்லாங் கூட்டினால் 12 அம்பியர் மணித்தியாலத்துக்குச் சற்று அதிகம். இதில் யானையைத் தடுப்பது 2.2 மட்டுமே.

40 அம்பியர் மணித்தியாலப் பற்றரியிற் பாதியளவையே எடுத்தல் தகும். காரணம் பின்னர் கூறப்படும். அப்பாதியாகிய 20 ஐ 12 ஆற் பிரித்துப் பாருங்கள். வெயிலில்லையெனின் இரண்டாம் இரவு விடியுமுன்பே வேலி ஓய்ந்துவிடும்.

விளக்கினுள்ளே நடப்பது

மேற்குறித்த பன்னிரண்டு மணி விளக்கை எடுத்துக்கொள்வோம். வெள்ளை எல்.ஈ.டி. மணி ஒன்றுக்கு ஏறக்குறைய 3 உவோற்றே வேண்டும். பற்றரியோ 12 உவோற்றுத் தருகின்றது. மிகுதி 9 உவோற்றையும் ஒரு தடையி உண்டு வெப்பமாக வெளியிடுகின்றது. மணி ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தடையி வைத்து எல்லாவற்றையும் பக்கம்பக்கமாக இணைத்திருப்பின், எடுத்த மின்னில் நாலிலொரு பங்கே விளக்குக்குப் போகின்றது. முக்காற் பங்கு தடையியைச் சூடாக்குகின்றது. மணி ஒன்றுக்கு 20 மில்லி அம்பியர் வீதம் பன்னிரண்டுக்கும் 240 மில்லி அம்பியர்.

அதே மணிகளை மும்மூன்றாக ஒன்றன்பின் ஒன்றாய்த் தொடுத்து, மூன்றுக்கு ஒரு தடையி வையுங்கள். மூன்று மணிகளும் 9 உவோற்றைப் பயன்படுத்திக்கொள்ள, தடையிக்கு 3 உவோற்றே மிஞ்சும். ஒரு தொடரினூடு செல்லும் அதே 20 மில்லி அம்பியர் மூன்று மணிகளையும் எரிக்கின்றது. நான்கு தொடருக்கு 80 மில்லி அம்பியர் போதும். வெளிச்சம் அணுவளவுங் குறையாது, செலவு மூன்றிலொன்றாகும். ஒரே மடையின் நீரை மேல்வயலுக்குப் பாய்ச்சி, அது கழிந்து கீழ்வயலுக்கும் அதன் கீழுள்ள வயலுக்கும் பாய்வதற்கு இஃது ஒப்பாகும். தடையியின் அளவு 150 ஓம் ஆயின் 20 மில்லி அம்பியர் வரும். ஏறும் வேளையில் பற்றரி 14 உவோற்றுக்கு மேற் செல்வதால், 220 ஓம் இடுதல் பாதுகாப்பானது.

குறிவிளக்குகள் அற்பமென்று தோன்றும். சிவப்பு மணி ஒன்று 1,000 ஓம் தடையியோடு 12 உவோற்றில் எரியின் 10 மில்லி அம்பியர் இழுக்கும். ஒரு நாளைக்கு 0.24; முப்பது நாளைக்கு 7.2 அம்பியர் மணித்தியாலம். மோட்டார்ச் சைக்கிள்களிலுஞ் சிறு காவற் கருவிகளிலும் வைக்கப்படும் 7 அம்பியர் மணித்தியாலப் பற்றரியொன்றை, ஒரு கடுகளவு விளக்கு ஒரு மாதத்திற் குடித்துவிடுகின்றது! தடையியை 10,000 ஓமாக மாற்றினால் 1 மில்லி அம்பியரே செல்லும். இக்காலத்து மணிகள் அவ்வளவிலும் இரவிலே தெளிவாகத் தெரியும். ஒரு குறிவிளக்கை அவ்வாறு வைத்துக்கொண்டு மற்றவற்றின் கம்பியை வெட்டிவிடுதல் நன்று.

பெருவிளக்கை விடியும்வரை எரிப்பது யானையை அஞ்சச் செய்யுமென்று சிலர் கூறுவர். வெளிச்சத்துக்கு யானை விரைவிற் பழகிவிடும். ஆதலின் அதற்காகப் பற்றரியைச் செலவிடுதல் எமது கருத்திற் தகாது. உண்ணும்போதும், ஆயத்தஞ் செய்யும்போதும் மூன்று மணித்தியாலம் எரித்து, பின்னர் கைமின்சூளை நம்பியிருத்தல் போதும். இருளுக்குப் பழகிய கண் வரம்பிலசையும் உருவத்தை விரைவிற் காணும் என்பதும் நினைவிருக்கட்டும்.

நெற்பூச்சிகளுக்கு ஒளிப்பொறி வைப்போருக்கும் இது பொருந்தும். தண்டுதுளைப்பான் அந்துப்பூச்சி, கபிலத்தத்தி முதலியவற்றைக் கவர முன்னிரவு மூன்று நான்கு மணித்தியாலமே முக்கியமானது. விடியும்வரை பொறியை எரிப்பின் பற்றரியும் வீண். பயிருக்கு நன்மை செய்யும் பூச்சிகளும் வீணே மடியும்.

உவோற்றை மாற்றும் பெட்டிகள்

கைத்தொலைபேசிக்கு வேண்டியது 5 உவோற்று. அதற்காக 12 உவோற்றை இன்வேற்றரால் 230 ஆக உயர்த்தி, பின் சாஜரால் 5 ஆக இறக்குவது, கல்முனையிலிருந்து நிந்தவூருக்குப் போகக் கொழும்பைச் சுற்றி வருவதற்கு ஒப்பாகும். ஏறுவதிலும் இழப்பு, இறங்குவதிலும் இழப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக இன்வேற்றர் விழித்திருப்பதற்கே மின் வேண்டும். காருக்குரிய 12 உவோற்றுச் சாஜரை நேரே பற்றரியில் இணைத்தால், பொதுவாகக் காணப்படும் 5,000 மில்லி அம்பியர் மணித்தியாலத் தொலைபேசியொன்றை 1.8 அம்பியர் மணித்தியாலச் செலவில் நிரப்பலாம். இன்வேற்றரைப் பரணிலிருந்து வீட்டுக்கு எடுத்துச் சென்றுவிடுங்கள். அதற்கு வேறொரு காரணமும் உண்டு. வேலியைப்பற்றிக் கூறுமிடத்துச் சொல்வோம்.

கார்ச் சாஜர் எவ்வாறு இதனைச் செய்கின்றது? உவோற்றை இறக்குவதற்கு இரு வழிகள் உள. பழைய வழியில் ஒரு சீராக்கி மிகுதி உவோற்றைத் தடையியைப்போல வெப்பமாக எரித்துவிடும். 7805 என்ற இலக்கம் பொறித்த மூன்று காற் சில்லு அவ்வகையானது. கைச்செய்கைச் சுற்றுகளில் இன்றும் எங்குங் காணலாம். 12 இலிருந்து 5 ஆக்கும்போது 12 பங்கில் 7 பங்கு வெப்பமாகப் போகும். அன்றியும், யாதொன்றையும் இயக்காது நிற்கும்போதுங்கூட அது ஏறக்குறைய 5 மில்லி அம்பியர் இழுக்கும், மாதத்துக்கு 3.6 அம்பியர் மணித்தியாலம். புதிய வழியில், ஒரு திரான்சிற்றர் செக்கனுக்குப் பல்லாயிரந் தடவை திறந்து மூடுகின்றது. இடையிலுள்ள கம்பிச்சுருள் மின்னைச் சிறிதுசிறிதாகத் தேக்கிக் கொடுக்கின்றது. மடைக்கதவை முற்றாகத் திறத்தல், முற்றாக மூடுதல் ஆகிய இரண்டையே அது அறியும். பாதி திறந்து நீரோடு மல்லுக்கட்டுவதில்லை. ஆகவே நூற்றுக்கு 85 முதல் 90 பங்கு மின் பயனுக்கு வந்து சேரும். அரை அம்பியர், 5 உவோற்று வேண்டிய கருவிக்குப் பழைய சீராக்கி பற்றரியிலிருந்து 500 மில்லி அம்பியர் எடுக்குமிடத்து, புதியது 240 மில்லி அம்பியர் அளவில் முடித்துவிடும். தொட்டுப் பார்த்தாலே வேறுபாடு தெரியும்: கை பொறுக்காது சுடும் பெட்டி உங்கள் மின்னை எரிக்கின்றது.

வேலிப்பெட்டி

யானை வேலிக்கு மின் கொடுக்கும் பெட்டி தொடர்ச்சியாக மின் பாய்ச்சுவதில்லை. பற்றரியின் 12 உவோற்றை உயர்த்திக் கொள்ளளவியொன்றிற் சிறுகச்சிறுகச் சேமித்து, ஒரு செக்கனுக்கு ஒருமுறைக்கு மேற்படாமல், கண்ணிமைப்பிலும் மிகச் சுருங்கிய நேரத்துக்குக் கம்பியிற் கொட்டுகின்றது. கம்பியின் உவோற்று ஆயிரக்கணக்கில் இருந்தும், ஒரு துடிப்பிலுள்ள சக்தி சில யூல் மட்டுமே. ஆதலாற்றான் யானை வெருண்டு விலகுகின்றது, மடிவதில்லை. இவ்வகைப் பெட்டியை 1962 ஆம் ஆண்டளவில் நியூசிலாந்தின் டக் பிலிப்ஸ் என்பவர் ஆக்கினார். அதற்கு முந்திய பெட்டிகள் ஈரப்புல் கம்பியிற் பட்டவுடன் வலுவிழந்து போயின. இவரது முறை அக்குறையைப் பெரிதும் நீக்கியது. மாட்டுப்பண்ணைக்கென உண்டானது இன்று எமது வயலிலே யானைக்கு நிற்கின்றது.

கணக்கு எளிது. துடிப்பொன்றுக்கு 2 யூல், 1¼ செக்கனுக்கு ஒரு துடிப்பு எனின் 1.6 உவாற்று. பெட்டியினுள் ஏற்படும் இழப்பையுஞ் சேர்த்து ஏறக்குறைய 2.4 உவாற்று, அதாவது 0.2 அம்பியர். முழுநாளும் இயங்கின் 4.8, இரவு மட்டும் இயங்கின் 2.2. பகல் வேளையிற் துடிப்பை மெதுவாக்கும் வசதி பல பெட்டிகளில் உண்டு. சுவிச்சை ஆராயாமலே இருப்போர் பலர். உங்கள் பெட்டியின் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பகலில் முற்றாக அணைப்பது பற்றி ஓர் எச்சரிக்கை. பகலிலும் யானை உலாவும் காட்டோரத்தில் அவ்வாறு செய்தலாகாது. ஒருமுறை தொட்டுக் கம்பி உயிரற்றதென்று கண்ட யானை மறுமுறை அஞ்சாது. வனசீவராசிகள் திணைக்களம் பராமரிக்கும் வேலிகளில் அத்திணைக்கள அலுவலரைக் கேளாது எதனையும் மாற்றாதீர்கள். இங்கே கூறுவன, பயிர் நிற்குங் காலத்துக்கு மட்டும் கமக்காரர் கூடி இட்டு, அறுவடையின் பின் கழற்றும் வயல்வேலிகளுக்கே உரியன. 2020 ஆம் ஆண்டு டிசெம்பரிற் கையளிக்கப்பட்ட மனித யானை மோதல் தணிப்புக்கான தேசியச் செயற்றிட்டமும் ஊரையும் வயலையுஞ் சூழ்ந்த இத்தகைய வேலிகளையே வலியுறுத்துகின்றது.

கம்பியிற் புல் பட்டாற் பற்றரி விரைவில் இறங்குமென்பது பொதுவான நம்பிக்கை. எல்லாப் பெட்டிகளுக்கும் இது பொருந்தாது. பெரும்பாலான பெட்டிகள் புல் பட்டாலும் படாவிட்டாலும் துடிப்பொன்றுக்கு அதே சக்தியையே எடுக்கும். ஆனால் அச்சக்தி யானையிடம் சேராமற் புல்வழியே நிலத்துக்குப் போய்விடும். கமக்காரர் வேலி வலுவிழந்ததென்று எண்ணிப் பெட்டியை உச்ச நிலைக்குத் திருப்புவார், அல்லது பெரிய பெட்டி வாங்குவார். பற்றரி இறங்குவது அங்கேதான். ஒரு கத்தியும் அரைநாள் வேலையும் தீர்க்கவேண்டியதை மின்னாற் தீர்க்க முயல்வது வீண்செலவு. கீழ்க்கம்பியின் அடியிற் புல்லை வாரமொருமுறை செதுக்குங்கள்.

கடலோரத்து வேலிக்குப் புல்லிலும் பொல்லாத பகை உப்புக்காற்று. காவலிக் குமிழ்களில் உப்புப் படிந்து, இரவுப் பனியில் நனைந்ததும் அதனூடே மின் கசியும். மழை நன்கு பெய்தால் உப்புக் கழுவுண்டு போகும்; மழையற்ற காற்றுநாட்களின் பின் நன்னீரில் நனைத்த துணியாற் குமிழ்களைத் துடைத்தல் வேண்டும், பெட்டியை அணைத்த பின்னரே. நில இணைப்புக் கோல்கள் ஈரநிலத்தில் ஆழமாக நிற்கின்றனவா என்பதையும் பாருங்கள். கோடையில் மணற்பாங்கான நிலங் காய்ந்துவிடின் நல்ல பெட்டியும் பயனற்றதாகும். வேலியின் உவோற்றை வேலிக்குரிய சோதிப்பானாலேயே அளக்கவேண்டும். சாதாரண பல்மானி அதற்கு ஆகாது.

இனி, இன்வேற்றரை வீட்டுக்கு எடுத்துச் செல்லுமாறு கூறியதன் மற்றைய காரணம். பற்றரி இறங்கிய இரவிலே, யானை வரம்பில் நிற்கும்போது, மனிதனுக்குத் தவறான எண்ணம் வருவது இயல்பு. வீட்டு மின்னையோ இன்வேற்றரின் 230 உவோற்றையோ கம்பியிற் கொடுத்துவிடுவோமென்று எண்ணுவர். வேலிப்பெட்டியின் துடிப்பு தொட்ட கையைத் தள்ளிவிடும். 230 உவோற்று மின்னோ இடையறாது பாய்ந்து தசையை இறுக்கித் தொட்ட கையைக் கம்பியோடு பிடித்துக்கொள்ளும். இலங்கையில் இவ்வாறு கட்டிய கம்பிகளால் ஆண்டுதோறும் யானைகளும் மடிகின்றன, மனிதரும் மடிகின்றனர். விடியற்காலையில் தண்ணீர் பார்க்க வரும் அயல்வயற்காரரோ, தேநீர் கொண்டுவரும் உங்கள் பிள்ளையோ அக்கம்பி எதுவென்று அறியார். அது சட்டப்படி குற்றமுமாகும். பற்றரி இறங்காமற் காப்பதே அவ்வெண்ணம் எழாமற் காக்கும் வழி.

திருத்திய பின் அப்பரணின் கணக்கைப் பாருங்கள். வேலிக்கு 2.2, தொடராய் இணைத்த விளக்கு மூன்று மணித்தியாலத்துக்கு 0.24, தொலைபேசிக்கு 1.8, ஒரேயொரு குறிவிளக்கு 0.02. ஆக 4¼ அம்பியர் மணித்தியாலம். 12 இருந்த இடத்தில் 4¼. அதே பற்றரி வெயிலின்றி நான்கு இரவுகளைத் தாண்டும். மூட்டமான பகலிலும் தகடு ஓர் அம்பியர் மணித்தியாலமாவது தருமெனின் ஆறு இரவுகள் நிற்கும். புதிதாக வாங்கியது ஒரு கார்ச் சாஜரும் சில தடையிகளுமே.

உறங்கி விழிக்குங் கருவிகள்

கத்தரி, மிளகாய், பயற்றை செய்வோரிற் சிலர் இப்போது மண்ணீரம் காட்டுங் கருவியையும், நேரத்துக்குத் திறந்து மூடும் சொட்டுநீர் வாயிலையும் பற்றரியில் இயக்குகின்றனர். தொழினுட்பக் கல்லூரி பயிலும் பிள்ளைகள் வீட்டிலேயே இவற்றைச் செய்து தருவதுமுண்டு. அப்பிள்ளைகளிடம் இப்பகுதியைக் காட்டுங்கள்.

மண்ணின் ஈரம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதன்று. ஆயினும் கைச்செய்கைக் கருவி செக்கனுக்குப் பலமுறை மண்ணைக் கேட்டுக்கொண்டு இரவுபகலாய் விழித்திருக்கும். 20 மில்லி அம்பியர் இழுக்கும் அத்தகைய கருவி, 2,000 மில்லி அம்பியர் மணித்தியால மின்கலங்களை 100 மணித்தியாலத்தில், அதாவது நாலு நாளிற் தீர்த்துவிடும். அதே கருவி பத்து நிமிடத்துக்கொருமுறை விழித்து, இரண்டு செக்கனில் அளந்து, மீண்டும் உறங்கட்டும். 300 பங்கில் ஒரு பங்கு நேரமே விழிப்பு, சராசரி 0.07 மில்லி அம்பியர். உறக்கத்திலும் 0.01 செலவாகுமென வைத்தாலும், கணக்கின்படி மின்கலம் ஆண்டுக்கணக்கில் நிற்கும்; தானே வயதாகிப் பழுதடைவதே அதன் முடிவாகும். சிறு கணிச்சில்லுகள் எல்லாவற்றிலும் இவ்வுறக்க நிலை உண்டு. அதை ஏவும்படி எழுதுவதே வேண்டும். உங்கள் கையிலுள்ள கடிகாரம் பொத்தானளவு மின்கலத்தில் ஆண்டுகள் ஓடுவதும், தேவையான கணத்தில் மட்டும் ஊசியைத் தள்ளி மற்ற நேரம் ஏறக்குறைய ஒன்றுஞ் செலவிடாதிருப்பதாலேயே.

மண்ணிற் புதைத்த ஈரக்கம்பிகளுக்கு அளக்கும் கணத்தில் மட்டும் மின் கொடுங்கள். ஓயாது கொடுப்பின், பற்றரிச் செலவு ஒருபுறமிருக்க, மின்பகுப்பினாற் கம்பி அரித்து ஒரு போகத்துக்குள் தேய்ந்துபோம். கணிச்சில்லை 5 உவோற்றுக்குப் பதில் 3.3 உவோற்றில் இயக்கினால், செலவு உவோற்றின் வர்க்கத்துக்கேற்பக் குறைவதால் பாதிக்குங் கீழே வரும். இதனைப் பலர் அறியார்.

நீர்வாயிலுக்கும் இதுவே முறை. சாதாரண வாயில் திறந்திருக்கும் நேரமெல்லாம் மின் கேட்கும். சிறு தொடர்சுவிச்சும் அவ்வாறே, இழுத்துப் பிடித்திருக்கும்வரை ஏறக்குறைய 30 மில்லி அம்பியர். திறக்கும்போது ஒரு துடிப்பும், மூடும்போது ஒரு துடிப்பும் மட்டுங் கேட்டு, இடையில் நிலைகொண்டு நிற்கும் வாயில்கள் கடைகளில் உள்ளன. பற்றரித் தோட்டத்துக்கு அவையே உரியன. விலை கூடுதலாயினும் இவ்விடத்தில் விலையைப் பார்த்தலாகாது.

கம்பி, முனை, தகடு, பற்றரி

தாழ் உவோற்றில் நீண்ட மெல்லிய கம்பி ஒரு கள்வன். பற்றரியிலிருந்து 20 மீற்றர் தூரத்திலுள்ள சிறு பம்பிக்கு 1 சதுர மில்லிமீற்றர்ச் செப்புக் கம்பி இட்டால், போக வர 40 மீற்றரில் 0.7 ஓம் தடை. பம்பி 3 அம்பியர் இழுக்கும்போது 2 உவோற்றுக்கு மேல் வழியிலேயே போய்விடும், ஆறிலொரு பங்கு. 4 சதுர மில்லிமீற்றர்க் கம்பியாயின் அரை உவோற்றே போகும். பற்றரியைப் பம்பியினருகே நகர்த்திவைத்தல் அதனிலும் மலிவு. விளக்குக்கு இக்கவலை வேண்டாம். 80 மில்லி அம்பியருக்கு மெல்லிய கம்பியே தாராளம்.

கடற்காற்றில் பற்றரி முனைகளிற் பச்சையும் வெள்ளையுமாய்ப் பூக்கும் களிம்பு, தகடு தரும் மின்னை உள்ளே விடாது தடுக்கும். வெந்நீராற் கழுவித் துடைத்து, இறுக்கிப் பூட்டி, மேலே வசிலின் பூசுங்கள். தகட்டைத் தெற்கு நோக்கி 10 பாகை முதல் 15 பாகை வரை சரித்து வைத்தால், பெரும்போக மாதங்களிற் தெற்கே சாய்ந்தோடும் சூரியனையும் பெறும், தூசியையும் உப்பையும் மழை கழுவிவிடும். ஒரு தென்னோலையின் நிழல் தகட்டின் மூலையில் விழுந்தாலும் அற்பமென்று விடாதீர்கள். தகட்டின் கலங்கள் தொடராய் இணைக்கப்பட்டிருத்தலால், ஒரு கலம் நிழலில் மூழ்கின் அதன் வரிசை முழுவதுஞ் சோரும்.

பற்றரியிற் பாதியே எடுக்கவேண்டுமென்றோம். ஈயப் பற்றரி நன்றாய் ஏறி ஓய்ந்திருக்கும்போது 12.7 உவோற்றளவு காட்டும், 12.1 அல்லது 12.2 காட்டும்போது பாதி செலவாகிவிட்டது. அதற்குக் கீழே அடிக்கடி இறக்குவதும், இறங்கியவாறே நாட்கணக்கில் விடுவதும் உள்ளே ஈயத்தகடுகளின்மேற் கடினமான உப்பைப் படியச் செய்யும். அவ்வுப்புக் கரையாது, பற்றரியின் கொள்ளளவு போகத்துக்குப் போகஞ் சுருங்கும். ஏற்றற் கட்டுப்பாட்டுப் பெட்டி 11 உவோற்றளவில் தானே அணைக்குமென்று நம்பியிருத்தல் தவறு, ஏனெனில் அந்நேரம் காலங் கடந்துவிடும். காலையிற் பரணைவிட்டு இறங்குமுன், எல்லாவற்றையும் அணைத்துச் சற்றுநேரங் கழித்துப் பற்றரியின் உவோற்றை அளந்து ஒரு கொப்பியில் எழுதிவைக்கும் பழக்கம் மிகப் பயனுடையது. எண் நாளுக்கு நாள் இறங்குவதைக் கண்டால், மூன்றாம் நாள் இருளில் அல்ல, முதல் நாள் காலையிலேயே எங்கோ துளை விழுந்ததை அறிவீர்கள்.

அறுவடை முடிந்து வேலியைச் சுருட்டும்போது பற்றரியைப் பரணில் விட்டுவராதீர்கள். நிரம்ப ஏற்றி, கம்பிகளைக் கழற்றி, நிழலான இடத்தில் வைத்து, மாதமொருமுறை மீண்டும் ஏற்றுங்கள். அடுத்த பெரும்போகத்துக்கு அதே பற்றரி உதவும்.

பல்மானியால் அளப்பதிலோ விளக்கை மாற்றியிணைப்பதிலோ ஐயமுள்ளோர், உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்திலே விவசாயப் போதனாசிரியரைச் சந்திக்கலாம். வேலிபற்றிய விடயங்களுக்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் அண்மைய அலுவலகத்தை நாடுக. செல்லும்போது உங்கள் கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள்.